ஏறும்போது தயங்கும், இறங்கும்போது தயங்காது: புற மவுண்ட் ஸ்கோப் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பழைய புற மவுண்ட் ஸ்கோப்புகளில், அதாவது சரிசெய்யும் திருகுகள் குழாய்க்கு வெளியே தாங்கியில் (மவுண்டில்) இருக்கும் துப்பாக்கித் தொலைநோக்கிகளில், அடிக்கடி வரும் கோளாறுகளை ஒரே துப்பாக்கியின் மேல் வைத்துக் காட்டும் மாதிரி நிகழ்வு இது. துப்பாக்கி .22 ரிம்ஃபயர் இலக்கு வகை, கனமான பேரல். ஸ்கோப் 10 மடங்கு பெருக்கம், ¾ அங்குலக் குழாய், 1¼ அங்குலப் பொருள்வில்லை (இலக்குப் பக்க வில்லை). பின் மவுண்டில் இரண்டு மைக்ரோமீட்டர் குமிழ்கள், ஒரு ஸ்பிரிங் பிளஞ்சர் (ஸ்பிரிங் தள்ளும் சிறு தண்டு). பேரலிலும் ரிசீவரிலும் (போல்ட் இயங்கும் உடற்பகுதி) திருகிய இரண்டு பிளாக்குகள், அதாவது சிறு உலோகக் கட்டைகள்தான் முழுத் தொகுதியையும் தாங்குகின்றன.

புகார் இப்படி வந்தது. 100 கெஜத்தில் குமிழை 20 கிளிக் (கிளிக் என்பது குமிழின் ஒரு படி) மேலே திருப்பினால் 5 அங்குலம் ஏற வேண்டும் என்பது கணக்கு. முதல் குண்டு மூன்றரை அங்குலம்தான் ஏறியது. அடுத்தடுத்த குண்டுகள் மெல்ல ஏறிக் கடைசியில் 5.8 அங்குலத்தில் போய் நின்றன. அதே 20 கிளிக்கைக் கீழே திருப்பியதும் முதல் குண்டிலேயே 5.8 அங்குலமும் இறங்கிவிட்டது. வலப்பக்கம் திருப்பினாலும் இதே தயக்கம், இடப்பக்கம் திருப்பினால் இல்லை. இது போதாதென்று, இருபது முப்பது குண்டுகளுக்குப் பிறகு குழு, அதாவது தாளில் குண்டுகள் பட்ட கூட்டம், தானாகவே செங்குத்தாக நீளத் தொடங்கும். 50 கெஜத்தில் குழு 100 கெஜத்துக்குச் சமமாகப் பரவுகிறது. குறுக்கிழை வேறு லேசாகச் சாய்ந்து தெரிகிறது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்து, "குறுக்கிழை தளர்ந்துவிட்டது, உள்ளே திறக்க வேண்டும்" என்ற முடிவோடுதான் ஸ்கோப் பட்டறைக்கு வருகிறது. அநேகமாக எல்லாப் புற மவுண்ட் ஸ்கோப்பும் இந்த முடிவோடுதான் வரும். இந்த வகைக் கருவியில் கண்ணாடியைச் சந்தேகிக்க வேண்டியது கடைசியில். குறுக்கிழை குழாயின் நடுவில் அசையாமல் இருக்கிறது. நகர்வது முழுக் குழாயும். எனவே குழாய் எங்கெங்கே இரும்பைத் தொடுகிறதோ அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

கருவி வேலை செய்யும் விதம்

இன்றைய ஸ்கோப்பில் குழாய் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும், உள்ளே இருக்கும் சிறு குழாய் நகரும். பழையதில் தலைகீழ். முன் மவுண்ட் அச்சு மாதிரி. பின் மவுண்டில் இருக்கும் திருகுகள் குழாயின் பின்பகுதியைத் தள்ளும். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் வில்லியம் மால்கம் 1855-ல் தொலைநோக்கிகள் செய்யத் தொடங்கிய காலத்தில் இருந்து இந்த ஏற்பாடு புழக்கத்தில் உண்டு. வின்செஸ்டரின் ஏ5 மாடலை 1928-ல் லைமன் நிறுவனம் வாங்கி 5ஏ என்ற பெயரில் தொடர்ந்தது. ஃபெக்கர் என்ற ஸ்கோப் தயாரிப்பாளரிடம் வேலை பார்த்த ஜான் உனெர்ட்டல் 1934-ல் பிட்ஸ்பர்க்கில் தனியாகத் தொடங்கினார். அவருடைய 8 மடங்கு ஸ்கோப்பை அமெரிக்க மரைன் படை இரண்டாம் உலகப் போரில் எம்1903ஏ1 துப்பாக்கியிலும், பின்னர் வியட்நாமில் வின்செஸ்டர் மாடல் 70-லும் வைத்தது. பெயர்கள் பல, இயங்குமுறை ஒன்றே.

அதில் மனதில் நிறுத்த வேண்டியது ஒரே விஷயம். மேல் குமிழ் குழாயை மேலிருந்து கீழே அழுத்துகிறது. பக்கக் குமிழ் பெரும்பாலான மவுண்டுகளில் வலப்பக்கம் இருந்து இடப்பக்கம் தள்ளுகிறது. இரண்டுக்கும் எதிரே, கீழ் இடது மூலையில் சாய்வாக நிற்கும் ஒரே ஒரு ஸ்பிரிங் பிளஞ்சர் குழாயைத் திருகுகள் மேல் அழுத்தி வைக்கிறது. ஆக இறக்கமும் இடமும் திருகின் வேலை. ஏற்றமும் வலமும் ஸ்பிரிங்கின் வேலை. குமிழை ஏற்றத்துக்குத் திருப்பும்போது திருகு பின்வாங்கி வழி விடுகிறது, அவ்வளவுதான். குழாயைத் தூக்கிக்கொண்டு வருவது ஸ்பிரிங்.

புகாரில் "ஏற்றத்திலும் வலத்திலும் தயக்கம், இறக்கத்திலும் இடத்திலும் இல்லை" என்று இருந்ததை மறுபடி படித்துப் பாருங்கள். நோய் பாதி பிடிபட்டுவிட்டது. தளர்ந்த குறுக்கிழைக்குத் திசை பார்க்கத் தெரியாது. அது எல்லாப் பக்கமும் அலையும்.

சுடாமல் செய்யும் சோதனை

தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்து, போல்ட்டைக் கழற்றி வைத்த பிறகுதான் எதுவும். துப்பாக்கியை மெத்தை வைத்த வைஸில் இறுக்கி, 25 கெஜத்தில் கால் அங்குலக் கட்டம் போட்ட தாளை நிறுத்த வேண்டும். குறுக்கிழையை ஒரு கட்டத்தின் மூலையில் வைத்துவிட்டு 40 கிளிக் ஏற்றத்துக்குத் திருப்ப வேண்டும். குண்டு மேலே போகத் திருப்பும்போது குறுக்கிழை தாளில் கீழே இறங்கும். இதில் குழம்பாதவர் குறைவு.

கணக்குப்படி 2.5 அங்குலம் நகர வேண்டும். நகர்ந்தது 1.7. பிறகு பின் மவுண்டுக்கு அருகே குழாயை ஒரு மரக்கைப்பிடியால் இரண்டு தட்டு, மெதுவாக. குறுக்கிழை குதித்து 2.9-ல் நின்றது. தட்டியதும் நகர்ந்தால் எங்கோ உராய்வு பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். சுடும்போது இந்தத் தட்டும் வேலையைத் துப்பாக்கியின் அதிர்வே செய்கிறது. குண்டுகள் ஒவ்வொன்றாக ஏறியதற்கு அதுதான் காரணம். 40 கிளிக் இறக்கியதும் தட்டாமலேயே 2.9 முழுவதும் திரும்பி வந்தது.

திருகா ஸ்பிரிங்கா என்று பிரித்தறிய, நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜ் உதவும். அதன் தொடுமுனையைத் திருகு குழாயைத் தொடும் அதே தளத்தில், குழாயின் அடியில் இருந்து வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் நெம்புகோல் கணக்கால் அளவு மாறிவிடும். ஒரு கிளிக் 0.0005 அங்குலம், 40 கிளிக் 0.020 அங்குலம். கேஜ் முதலில் 0.012 காட்டியது, தட்டிய பிறகு 0.020. மைக்ரோமீட்டர் மரை சரியாகவே இருக்கிறது. குழாய்தான் அதைப் பின்தொடரவில்லை.

2.5 எதிர்பார்த்த இடத்தில் 2.9 ஏன்

இது கோளாறே இல்லை. கிளிக்கின் மதிப்பு ஸ்கோப்பில் எழுதப்பட்டிருப்பதில்லை, துப்பாக்கியில் எழுதப்பட்டிருக்கிறது. பிளாக்குகளின் இடைவெளிதான் நெம்புகோலின் நீளம். இரண்டு பிளாக்குகளிலும் மவுண்ட் திருகு அமரும் பிறைப் பள்ளங்களின் நடுவுக்கு நடு 7.2 அங்குலம் இருந்தால் ஒரு கிளிக் 100 கெஜத்தில் சரியாக கால் அங்குலம். குறுக்குவழி: 1.8-ஐ இடைவெளியால் வகுத்தால் கிளிக்கின் மதிப்பு அங்குலத்தில் கிடைக்கும். 7.2-க்கு 0.25, 6.2-க்கு 0.29, 9-க்கு 0.20.

வெர்னியரில் அளந்தபோது இந்தத் துப்பாக்கியின் இடைவெளி 6.2. 20 கிளிக்குக்கு 5.8, 25 கெஜத்தில் 40 கிளிக்குக்கு 2.9, இரண்டும் அப்படியே பொருந்துகின்றன. குமிழின் ஒரு முழுச் சுற்று 50 கிளிக், அது 12.5 அங்குலம் என்று பழைய கையேடு சொல்வது 7.2-க்கு. இங்கே 14.5.

7.2-க்கு மாற்றவென்று பேரலில் புதுத் துளை போடும் ஆசை சிலருக்கு வரும். வேண்டாம். பழைய பேரலில் போட்ட துளையை இல்லாததாக்க முடியாது, துப்பாக்கியின் மதிப்பும் அதோடு போகும். கிளிக் மதிப்பு 0.29 என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டிக்கொள்வது மலிவு. இன்னொன்று: 100 கெஜத்தில் ஒரு கோண நிமிடம் 1.047 அங்குலம் என்பதால், "கால் நிமிடக் கிளிக்" என்று சொல்லப்படுவது 7.2-லும் உண்மையில் 0.24 நிமிடம்தான். நூறு கெஜத்துச் சுடுதலில் இந்த வித்தியாசம் யாருக்கும் வலிக்காது. தூரம் கூடி, முழுச் சுற்றுக் கணக்கில் ஏற்றும்போதுதான் தெரியும்.

பிளஞ்சர்

பிளஞ்சர் கூட்டின் மூடியைத் திருகிக் கழற்றும்போது கட்டைவிரல் மூடியின் மேலேயே இருக்க வேண்டும். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது. பறந்துபோனால் அதே அளவில் இன்னொன்று தேடுவது பெரும்பாடு. அதற்கு முன் இரண்டு குமிழ்களின் அளவுகளையும் குறித்துக்கொண்டு, ஸ்கோப்பை மவுண்டில் இருந்து வெளியே எடுத்துவிட வேண்டும்.

உள்ளே எதிர்பார்த்ததுதான் இருந்தது: பல பத்தாண்டு பழைய கிரீஸ், பழுப்பு நிறத்தில், மெழுகு போல இறுகி. கிரீஸ் முதலில் உலர்கிறது, பிறகு தூசியைப் பிடித்துக்கொள்கிறது, கடைசியில் பிசின் ஆகிறது. பெட்ரோலியக் கரைப்பானில் பிளஞ்சர், ஸ்பிரிங், கூடு மூன்றையும் ஊறவைத்து, மரக்குச்சியில் சுற்றிய துணியால் கூட்டின் உட்சுவரைத் துடைத்தால் போதும். பிளஞ்சரில் மேடு இருந்தால் மிக நுண்ணிய உப்புத்தாளை எண்ணெயோடு தேய்க்கலாம். அரம் போடக்கூடாது. அரம் போட்ட பிளஞ்சர் கூட்டுக்குள் ஆடும். ஆடினால் ஒவ்வொரு முறையும் குழாயை வேறு இடத்தில் தொடும். திரும்பப் பூட்டும்போது இலேசான எண்ணெய் ஒரே சொட்டு. கிரீஸ் மறுபடி வேண்டாம், அதுதானே இந்தக் கதையைத் தொடங்கி வைத்தது.

ஸ்பிரிங் தளர்ந்ததா என்பதற்கு விரலே போதும். பூட்டிய பிறகு குழாயைப் பிளஞ்சர் பக்கம் அழுத்தி விட்டால், அது "டக்" என்று திருகுகளில் வந்து மோத வேண்டும். சோம்பலாக வந்தால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். வலுவானதாகப் போட்டுவிடுவோம் என்பதும் தவறு. அதிக அழுத்தம் குழாயின் மேற்பூச்சைக் கீறும். பின்னுதையின்போது குழாய் மவுண்டுகளுக்குள் வழுக்க வேண்டிய இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

சுத்தம் செய்த பிறகும் ஏற்றத்தில் ஒரு சின்ன மென்மை மிச்சமிருந்தது. இங்கேதான் பலர் ஸ்பிரிங்கை வாங்கி வாங்கி மாற்றிக்கொண்டிருப்பார்கள். காரணம் வேறு: மேல் குமிழ் ஏறக்குறைய கடைசி வரை வெளியே திருப்பப்பட்டிருந்தது. குழாய் மேலே போகப் போகப் பிளஞ்சரும் நீண்டு, ஸ்பிரிங் தன் பயணத்தின் முடிவுக்கு வந்து வலுவிழந்து நிற்கிறது. பின் பிளாக் இந்த ரிசீவருக்குத் தாழ்வு. அதை ஈடுகட்டக் குமிழைத் திருப்பித் திருப்பி எல்லைக்கே கொண்டுபோயிருக்கிறார்கள்.

தீர்வு, பின் பிளாக்கின் அடியில் எஃகுத் தகடு. 6.2 அங்குல இடைவெளியில் 0.005 அங்குலத் தகடு 100 கெஜத்தில் 2.9 அங்குலம் ஏற்றும். இங்கே 0.020 அங்குலம் வைக்கப்பட்டது, அதாவது 11.6 அங்குலம். அதே அளவுக்குக் குமிழ் 40 கிளிக் உள்ளே வந்தது, ஸ்பிரிங்கும் நடுப்பகுதிக்குத் திரும்பியது. தகட்டைப் பிளாக்கின் அடிப்பரப்பு அளவுக்கே வெட்ட வேண்டும். திருகுத் துளைகளும் வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் செருகிய துண்டு பிளாக்கைச் சாய்த்துவிடும்.

முன் பிளாக்: இறுகியது போல நடிக்கும் திருகு

இருபது முப்பது குண்டுக்குப் பிறகு குழு செங்குத்தாக நீள்வது பிளஞ்சரின் குணம் அல்ல. பிளஞ்சர் சில குண்டுகளில் அமைதியாகிவிடும். சூடேறச் சூடேற அல்லது அதிர அதிர வளரும் நகர்வுக்கு முன் பிளாக்கைப் பார்க்க வேண்டும்.

திருப்புளியால் தொட்டபோது இரண்டு திருகுகளும் கல் மாதிரி இறுகியிருந்தன. ஆனால் திருகுகளைக் கழற்றியதும் பிளாக்கின் அடியில் எண்ணெய் ஈரம், உராய்வில் பளபளத்த ஒரு ஓரம். பிளாக் அசைந்திருக்கிறது. இறுகிய திருகின் கீழ் பிளாக் எப்படி அசையும்?

பிளாக்குகளைப் பிடிப்பவை 6-48 திருகுகள்: 0.138 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 48 மரை. பேரலில் இருக்கும் துளை அடி மூடியது. திருகு கொஞ்சம் நீளமாக இருந்தால் அதன் நுனி துளையின் அடியில் போய் முட்டி நிற்கும். கைக்கு இறுக்கம் தெரியும், தலையோ பிளாக்கை அழுத்தவே இல்லை. கண்டுபிடிக்க எளிய வழி: பிளாக் இல்லாமல் திருகை மட்டும் அடிவரை கையால் திருப்பி, தலைக்குக் கீழே வெளியே தெரியும் தண்டின் உயரத்தை அளக்க வேண்டும். பிளாக்கில் திருகுத்தலை அமரும் இடத்தின் தடிமனைவிட அது குறைவாக இருக்க வேண்டும். சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அந்தத் திருகு எதையும் பிடிக்கவில்லை. இந்தத் துப்பாக்கியில் இரண்டில் ஒன்று அப்படி. யாரோ வேறு நீளத் திருகை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

முட்டும் திருகை இன்னும் பலமாக முறுக்குவது இதைவிட மோசம். மெல்லிய அடிச்சுவர் பேரலின் உட்பக்கம் புடைத்துவிடலாம். இறுக்கமான துணித்துண்டைப் பேரலுக்குள் மெதுவாகத் தள்ளிப் பார்த்தால், துளைகளுக்கு நேர் கீழே திடீர்த் தடை தெரிகிறதா என்று கைக்கே புரியும். இங்கே இல்லை, அதிர்ஷ்டம்.

ஒரு முழு மரைச் சுற்று 0.021 அங்குலம். முட்டும் நுனியில் ஏறக்குறைய ஒரு சுற்று அளவுக்குத் தேய்த்து எடுத்தாயிற்று, நுனியின் கூர் விளிம்பும் நீக்கப்பட்டது. அடுத்து பிளாக்கின் வளைவு. பேரலின் அந்த இடத்தில் மெல்லிய மசிப்பூச்சு தடவி, பிளாக்கை வைத்து அழுத்தி எடுத்தால், மசி இரு ஓரங்களிலும் நீளமாக ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒற்றைக் கோடாக ஒட்டினால் பிளாக் ஊஞ்சல் ஆடும். இங்கே ஒட்டல் சரி. துளை, திருகு, பிளாக்கின் அடி எல்லாவற்றையும் எண்ணெய் போகத் துடைத்து, பிற்காலத்தில் கழற்றக்கூடிய மென்வகை மரைப்பசை ஒரு சிறு துளி இட்டு, திருகுத்தலையின் காடிக்கு அளவாகப் பொருந்தும் திருப்புளியால் முறுக்க வேண்டும். ஆப்பு வடிவ முனை கொண்ட சாதாரணத் திருப்புளி தலையைச் சிதைத்துவிடும்.

சாய்ந்த குறுக்கிழை

குழாய் சுழலாமல் இருக்க அதன் நீளத்தில் ஒரு மெல்லிய பட்டை உண்டு. போப் ரிப் என்று அதற்குப் பெயர். அது மவுண்டின் காடியில் அமர்ந்து ஓட வேண்டும். இங்கே பட்டை நன்றாகவே இருந்தது, ஸ்கோப்பை மாட்டியவர்தான் அதைக் காடியில் உட்கார வைக்கவில்லை. சரிசெய்ய ஒரு நிமிடம்.

ஆனால் சுழற்சி எவ்வளவு கெடுக்கும் என்பது குறுக்கிழை நடுவில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. குழாயை இரண்டு வி-வடிவத் தாங்கிகளில் கிடத்தி, தூரத்துப் புள்ளி ஒன்றைப் பார்த்தபடி மெதுவாகச் சுழற்றினால், குறுக்கிழை அந்தப் புள்ளியிலேயே நிற்க வேண்டும். வட்டமடித்தால் வட்டத்தின் ஆரமே விலகல். 100 கெஜத்தில் 4 அங்குலம் விலகிய குறுக்கிழை, குழாய் 3 பாகை சுழன்றால் 0.2 அங்குலம் நகரும். கிட்டத்தட்ட ஒரு கிளிக். நடுவில் இருந்தால் சாய்வு மட்டும்தான் தெரியும், நகர்வு இராது. இந்த ஸ்கோப்பில் வட்டம் கண்டுகொள்ள வேண்டிய அளவில் இல்லை. எனவே குறுக்கிழையைப் பிடிக்கும் சிறு திருகுகளைத் தொடவில்லை.

50 கெஜத்துப் பரவல்

பொருள்வில்லை வளையம் 100 கெஜக் குறியிலேயே இருந்தது. கண் நடுவில் இருந்து விலகினால் குறுக்கிழை இலக்கின் மேல் நகரும், இடமாறு தோற்றம். 100-க்கு வைத்துவிட்டு 50-ல் சுட்டால், 1¼ அங்குல வில்லையில் கண் ஓரம் வரை விலகும்போது பிழை ஏறக்குறைய 0.3 அங்குலம் வரை போகலாம். இலக்குத் தாளின் பத்து மதிப்பெண் வளையத்தை விட்டு வெளியே தள்ள அது போதும்.

வரிசை முக்கியம். முதலில் வானத்தைப் பார்த்தபடி கண்வில்லையைத் திருப்பிக் குறுக்கிழையைக் கூர்மையாக்கிப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பொருள்வில்லை. தலையை மேலும் கீழும் அசைத்து, குறுக்கிழை இலக்கோடு ஒட்டி நிற்கும் வரை வளையத்தைத் திருப்ப வேண்டும்; படம் கூர்மையாகத் தெரிகிறதே என்று நிறுத்திவிடக்கூடாது. வளையத்தில் பொறித்த கெஜ எண்கள் தொடக்கப் புள்ளி மட்டுமே. பூட்டு வளையத்தை இறுக்க மறந்தால் கை பட்டே மாறிவிடும். தூரம் மாற்றிய ஒவ்வொரு முறையும் ஜீரோவை (குறியும் குண்டும் ஒன்றுபடும் அமைப்பை) சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் வில்லைக் கூடு திரும்பும்போது மிகச் சிறிதாவது அச்சு விலகும்.

மீண்டும் பூட்டியபின்

மவுண்டின் பூட்டுத் திருகைப் பிளாக்கின் பிறைப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டதா என்று அசைத்துப் பார்த்துத்தான் இறுக்க வேண்டும். பள்ளத்துக்குப் பக்கத்தில் இறுகிய மவுண்ட் சுடும்போது வழுக்கும், இடைவெளிக் கணக்கும் மாறும்.

குழாயை மவுண்டுகளுக்குள் அசையாமல் கட்டிவிடும் யோசனை ஒன்று எப்போதும் கேட்கும். .22-ல் தப்பித்துக்கொள்ளலாம். பெரிய தோட்டாவில் துப்பாக்கி பின்னால் பாயும்போது கனமான ஸ்கோப் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். வழுக்க இடமில்லை என்றால் அந்த உதை முழுவதும் பிளாக் திருகுகளிலும் குறுக்கிழையிலும் இறங்கும். வழுக்க விட்டு, ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு குழாயை நிறுத்து வளையம் முட்டும் வரை பின்னால் இழுத்து வைப்பதே முறை. பின்னுதை ஸ்பிரிங் இருந்தால் அதுவே இழுத்துக்கொள்ளும். .22-ல் குழாய் ஒரு குண்டுக்கு மிகக் கொஞ்சமே நகர்வதால்தான் பலர் மறக்கிறார்கள். பத்து குண்டில் அது சேர்ந்துவிடும்.

25 கெஜத் தாளில் மறுசோதனை: 40 ஏற்றம், 2.9, தட்டிய பிறகும் 2.9. 40 வலம், அதே. பின் 40 இறக்கம், 40 இடம். குறுக்கிழை புறப்பட்ட மூலைக்கே வந்தது. 100 கெஜத்தில் 20 கிளிக் முதல் குண்டிலேயே 5.8 ஏறியது. ஆனாலும் பழக்கம் ஒன்று வேண்டும்: ஏற்றமோ வலமோ வேண்டுமானால் ஐந்தாறு கிளிக் கூடுதலாகத் திருப்பிவிட்டு, திரும்பி வந்து நிறுத்த வேண்டும். கடைசி அசைவு எப்போதும் திருகு தள்ளுவதாக இருக்கட்டும், ஸ்பிரிங் தூக்குவதாக வேண்டாம். நல்ல பிளஞ்சருக்கும் இது பொருந்தும்.

தொடாமல் விட்டது ஒன்று உண்டு. பொருள்வில்லையின் விளிம்பில் மெல்லிய மஞ்சள் பிறை தெரிகிறது. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய கனடா பால்சம் ஓரத்தில் பிரியத் தொடங்கியிருக்கிறது. படத்தின் நடுவை அது கெடுக்கவில்லை. பிரித்து மறுபடி ஒட்டினால் வில்லைகளின் அச்சு தவறும் வாய்ப்பே அதிகம். பிறை நடுவை நோக்கி வளர்கிறதா என்று பார்க்க, பொருள்வில்லையை ஒரே வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து, 6.2, 0.29, தகடு 0.020 என்று எழுதிய அதே துண்டுத் தாளோடு பெட்டியில் வைத்தாயிற்று.